பத்து எண்ணுவதற்குள்

பேட்டரி வண்டி வாங்கியதும் எல்லோரும் வந்து விலை கேட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் மணல் வாங்கப் போனார்.

மூன்று சக்கரம், மேலே கூரை, முன்னால் ஓட்டுகிற ஆள், பின்னால் ஒருத்தர். அவ்வளவுதான் வண்டி. சின்ன வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போனது. சாத்தூரிலிருந்து அச்சங்குளம் பள்ளிக்கூடத்துக்கு இருபது வருசம் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்தினேன். படி ஏற தினமும் யாராவது கை கொடுக்கணும். கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நன்றி சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே எனக்குக் கசந்துவிட்டது. அதனால்தான் வண்டி வாங்கினேன்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருடைய ஷெட்டுகளில் கரண்டே கிடையாது, வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. உள்ளே போகிறவர்கள் செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், வீட்டிலேயே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப்போகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

கொல்லையில், வீட்டைவிட்டுத் தள்ளி, தகரக் கொட்டகை போட்டார். இரண்டு பக்கமும் வாசல். நாலு வாளி மணல், ஒரு டிரம் தண்ணீர். இரண்டு பேருக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்று தகரத்தில் எழுதியும் வைத்தார். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். சூடு கண்ட பூனை என்று கேலி செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்துக் கம்பெனியில் தீப்பிடித்த அன்றைக்கு ஓடிப்போய் ஆட்களைத் தூக்கியவர் அவர். அது தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் போய்வர வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, காரியாபட்டிக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

என் அம்மா ஊர் அது. அங்கே சர்ச்சில் வருசம் ஒரு தடவை அசனம், சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ஒவ்வொரு வருசமும் தம்பி காரில் வந்து என்னைத் தூக்கி ஏற்றுவான், அம்மா வீட்டு வாசலில் தூக்கி இறக்குவான். ஐம்பது வயதுப் பொம்பளையை அரிசி மூட்டை மாதிரி இறக்குவதைத் தெருவே நின்று பார்க்கும். இந்த வருசம் நானே ஓட்டிப்போய் அந்த வாசலில் நானே இறங்கணும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அறுபது கிலோமீட்டருக்குள்தான், நடுவில் விருதுநகரில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஓட முடியாதவங்கள நான் ஷெட்டுக்கு எடுக்கிறதில்ல. தீன்னா ஓடணும். உன்னால ஓட முடியாது.”

கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் என் காலைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. வேலைக்கு ஆள் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார் என்று கம்பெனியில் சொல்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் பார்க்க மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பேசவில்லை. குழம்பில் உப்பும் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கே அலுத்துப்போனது.

“ஓடுறத விடுங்க. எம்புட்டு நேரத்துல எறங்கணும், அதச் சொல்லுங்க.”

ஷெட்டிலிருந்து ஆள் வெளியே வர அவர் வைத்திருக்கும் அளவையே எனக்கும் சொன்னார். “பத்து எண்ணுறதுக்குள்ள.”

அன்றையிலிருந்து தினமும் சாயங்காலம் கொல்லையில் எனக்குப் பயிற்சி. நான் வண்டியில் உட்காருவேன். அவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தபடி எண்ணுவார். முதல் நாள் முப்பத்திநாலு. ஊன்றுகோல் நழுவி விழுந்தது, சேலை மாட்டிக்கொண்டது, மெதுவாக எண்ணினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று சண்டையும் போட்டேன். அவர் எண்ணுகிற வேகம் மாறவில்லை. மறுநாள் கூரைக் கம்பியில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டினார். கோலை சைக்கிள் டியூப்பால் வலது கைப்பக்கம் மாட்டினார். இருபத்தொன்று. பதினைந்து. ஒரு தரம் முழங்கால் சிராய்ந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். அசனத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒன்பது வந்தது. “கெளம்பு” என்றார். ஆனால் வண்டியில் ஏற மாட்டாராம். பைக்கில் பின்னால் வருவாராம்.

நாலுவழிச் சாலையில் ஓரமாகவே போனேன். லாரி கடக்கும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடும். கண்ணாடியில் பார்த்தால் அவர் தெரிவார், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சின்ன மூட்டை மணல்.

விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடையில் பிளக் கொடுத்தார்கள். நான் நிதானமாகச் சாப்பிட்டேன். அவர் சாப்பிட வரவில்லை. ஒரு மணி நேரமும் பேட்டரிப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்தபடி அப்படித்தான் நிற்பார்கள்.

“சூடே இல்லியே” என்று உள்ளே வந்து சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

டீ குடித்துவிட்டு எழுந்து போனார். பைக்கைப் பக்கத்து வண்டி ஸ்டாண்டில் விட்டுவிட்டு, மணல் மூட்டையோடு திரும்பி வந்தார். கடை வாசலில் இருந்த இரும்புத் தூணை வெறுங்கையால் ஒரு தரம் தொட்டார். அப்புறம் வண்டியில் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். ஒரு வார்த்தை பேசினால் இறங்கிவிடுவார்.

மல்லாங்கிணறு தாண்டியதும் ரெண்டு பக்கமும் கரிசல்தான். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

“பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்தேன்” என்றார் திடீரென்று.

“எத?”

“கால. மொதல்ல பாத்ததே அதத்தான்.”

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அம்மா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் தம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அம்மா படியில் நின்றாள்.

“மாப்ள, தள்ளி நில்லுங்க” என்றார் பின்னாலிருந்து.

கயிற்றைப் பிடித்தேன். கோலை எடுத்தேன். நல்ல காலை முதலில் வைத்தேன். அவர் உதட்டுக்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. இரண்டு காலும் மண்ணில் நின்றபோது “எட்டு” என்றார்.

பிறகு மடியிலிருந்த மணல் மூட்டையை அணைத்துக்கொண்டு அவர் இறங்கினார். நான் எண்ணினேன். பதினாலு.