விரிப்பின் மறுமுனையில் கொன்செத்தா

போன மாதம் டார்ம்ஸ்டாட் நகரில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய அறையில் இரண்டு பேர் படுக்க இடமில்லாததால் ஒரு ஹோட்டலில் தங்கினேன். கட்டிலில் இறுக்கி விரித்திருந்த வெள்ளை விரிப்பின் ஓரத்தை உருவி மூக்கில் வைத்தேன். சூடுபட்ட பருத்தி, கொஞ்சம் கஞ்சி, அதற்கடியில் மெல்லிய குளோரின் நெடி.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்? ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்றாள் மகள்.

நான் இத்தாலிய மொழி படித்த பள்ளிக்கூடத்தின் வாசம் அது.

சிரிக்காதீர்கள். ஹம்பேர்க்கிற்கு வந்து நான் முதலில் படித்தது ஜெர்மன் அல்ல, இத்தாலியன்தான். மன்னாரிலிருந்து வந்து அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் வேலை கிடைத்தது. விரிப்பின் இரண்டு நுனியை நான் பிடிப்பேன். மற்ற இரண்டையும் கொன்செத்தா பிடிப்பாள். இத்தாலியின் தெற்குக் கோடியிலிருந்து வந்தவள். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. வீட்டில் நோயாளிக் கணவனும் இரண்டு பிள்ளைகளும். அவளுக்கு ஜெர்மன் கொஞ்சம். எனக்கு அதுவும் இல்லை. ஆகவே அவள் தன் மொழியிலேயே பேசினாள். 'தீரா' என்றால் இழு. 'பியேகா' என்றால் மடி. இழுத்து மடித்து, இழுத்து மடித்து, ஒரு மொழிக்குள் போய்விட்டேன்.

எல்லாம் சரியாகப் போகவில்லை. இயந்திரம் நின்றுபோகும்போதெல்லாம் அவள் "மன்னாஜ்ஜா!" என்பாள். இயந்திரத்துக்குப் பெயர் அதுதான் என்று நம்பியிருந்தேன். அவளோடு இத்தாலியப் பூசைக்குப் போன ஒரு ஞாயிறு ஒலிபெருக்கி பழுதானது. உதவி செய்யும் ஆர்வத்தில் பாதிரியாரிடம் போய் அதைக் காட்டி, பவ்வியமாக "மன்னாஜ்ஜா" என்றேன். 'சனியன்' என்கிற மாதிரியான வசவாம் அது. கொன்செத்தா முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் குனிந்துவிட்டாள்.

நான் அடிக்கடி தவறியது ஆண்பால் பெண்பாலில். ஆணுக்கு 'ஓ'வில் முடியும் சொல் பெண்ணுக்கு 'ஆ'வில் முடியும். நான் மாற்றிச் சொன்னால், விரிப்பை மோவாயால் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டித் திருத்துவாள். ஒரு தடவைகூட விட்டதில்லை.

ஒருநாள் காலையில், வேலைக்குப் புறப்படும் நேரத்தில், அகதி விடுதியின் நடைவழித் தொலைபேசிக்கு அண்ணை கொழும்பிலிருந்து எடுத்தார். "தங்கச்சி, அம்மா எங்களை விட்டுட்டுப் போட்டா. நீ வர ஏலாது எண்டு தெரியும். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

எங்கே போவது என்று தெரியாமல் வேலைக்கே போனேன். விரிப்பின் நுனிகளைப் பிடித்தபடி, "மீயா மாத்ரே... எ மோர்த்தோ" என்றேன். என் அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல நினைத்து, இறந்துவிட்டான் என்று சொல்லியிருந்தேன். கொன்செத்தா திருத்தவில்லை. கையிலிருந்த விரிப்பை ஈரத் தரையில் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு என்னை மேற்பார்வையாளரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தன் உடைந்த ஜெர்மனில் விஷயத்தைச் சொன்னாள். கடிதம் ஏதாவது இருந்தால்தான் விடுப்பு என்றார் அவர். போர் நடக்கிற ஊரிலிருந்து எந்தக் கடிதம் வரும்? கொன்செத்தா தன் ஏப்ரனை அவிழ்த்து அவர் மேசையில் வைத்தாள். "அப்படியானால் எனக்கும் இன்று வேலை இல்லை." அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. அவர் ஏப்ரனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையை அசைத்துப் போகச் சொன்னார்.

நேரே கோயிலுக்குப் போனோம். பாதிரியார் அம்மாவின் பெயரைக் கேட்டார். "செபமாலை" என்றேன். இரண்டு முறை முயன்றார், நாக்கு வளையவில்லை. அப்படியென்றால் என்ன என்று கொன்செத்தா கேட்டாள். கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்துக் காட்டினேன்.

"ரொசாரியா!" என்றாள். அவர்கள் மொழியில் செபமாலைக்கு 'ரொசாரியோ' என்று பெயர்.

அந்த ஞாயிறு, கடல் தாண்டி ஒருநாளும் போகாத என் அம்மாவுக்காக, ரொசாரியா என்ற பெயரில், நூறு இத்தாலியர்கள் மன்றாடினார்கள். அம்மாவுக்காக நான் இருந்து கண்ட பூசை அது ஒன்றுதான்.

இப்போது அந்த ஆலை இல்லை. அங்கே கண்ணாடி வைத்த அலுவலகக் கட்டடம் நிற்கிறது. இத்தாலியப் பூசையும் நின்றுவிட்டது. கணவன் இறந்தபின் கொன்செத்தா ஊருக்குத் திரும்பிப் போனாள். சில வருடம் தொலைபேசியில் பேசினோம். பிறகு மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பிறகு அந்த இலக்கமே பாவனையில் இல்லை என்றார்கள்.

போன வாரம் முதியோர் இல்லத்தில் துணைக்குப் போய் உட்கார்ந்து பேசும் தொண்டுக்குப் பதிந்தேன். என்னென்ன மொழி பேசுவீர்கள் என்று அங்கிருந்த இளம்பெண் கேட்டாள். தமிழ், ஜெர்மன் என்றேன். "வேறு?"

மனதுக்குள் ஒரு வசனம் அமைத்துப் பார்த்தேன். பாதியில் சொல் வரவில்லை. கொஞ்சநேரம் தேடினேன். அந்தப் பெண் விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

"வேறு இல்லை" என்றேன்.