காந்தா அம்மாவின் ஓட்டு

பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிற ஆயா அவள். மகள் பெயரைச் சேர்த்து, தெருவில் எல்லோருக்கும் காந்தா அம்மா. பதினோரு வருஷம் தினமும் என் மேஜையைத் துடைத்தவளின் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. டீச்சராம் டீச்சர்!

முதல் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுத எங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கும் போனேன்.

"எனக்குமா ஓட்டு, பவுலின் டீச்சர்?"

"ஆமாம் ஆயா. நம்ம மேனேஜருக்கும் ஒண்ணு, உனக்கும் ஒண்ணு. சட்டமே அப்படித்தான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல் தடவையாகப் பெயர் கேட்டேன்.

"என் பேரை யாரு கூப்பிடறாங்க? காந்தா அம்மான்னே எழுதிக்குங்க."

வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் நாற்பது வீடு பாக்கி. அப்படியே எழுதிக்கொண்டு நடையைக் கட்டினேன். சொந்தப் பெயர் சொல்லாத பெண்களையெல்லாம் நீக்கச் சொல்லிப் பிறகு உத்தரவு வந்ததாம். எனக்கு யார் சொன்னார்கள்?

1952 ஜனவரியில், தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவை கட்டி, வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

"ஹெசரு ஏனம்மா?" என்று கன்னடத்தில் பெயர் கேட்டார் அதிகாரி.

"வள்ளியம்மா!"

ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பின்னால் நின்ற எனக்கே அன்றுதான் தெரியும். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். காந்தா அம்மா என்று பார்க்கச் சொன்னேன்; அதையும் நீக்கியிருந்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ நான் இல்லியா டீச்சர்?"

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அவளோ விலகி நின்று, அடுத்தவளுக்கு வழி விட்டாள்.

அந்த வருஷமே மனு எழுதிக்கொடுத்து அவள் பெயரைச் சேர்த்தேன். அதன் பிறகு பெருக்கும்போதெல்லாம், "அடுத்த எலெக்ஷன் எப்போ டீச்சர்?" என்பாள். ஒரு தடவைகூட என்னைக் குறை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. 1956-இல் காசநோய் அவளைக் கொண்டுபோயிற்று.

அடுத்த வருஷத் தேர்தலில் வாக்குச்சாவடியில் பட்டியல் பார்க்கிற வேலை எனக்கு. அவள் மகள் காந்தாவுக்கு இருபத்தொரு வயது ஆகியிருந்தது. ஓட்டுப் போட வந்தாள். அவள் பெயருக்கு மேல் வரியில் வள்ளியம்மா என்று அச்சாகியிருந்தது.

"இவங்க இறந்துட்டாங்க, சார்" என்றேன்.

"அப்போ அடிச்சிடுங்க" என்றார் மேலதிகாரி சீனிவாசராகவன்.

காந்தா குனிந்து அந்த வரியைப் படித்தாள். "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் டீச்சர்."

பேனாவை மூடி வைத்தேன். உயிரோடு இருந்தபோதே அவளை ஒரு தடவை இல்லாமல் செய்தவள் நான்.