மாமா கண்டெடுத்த ஈட்டி

அம்மாவின் தம்பி எதைச் சொன்னாலும் எங்கள் வீட்டில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். புலிப்பல் என்று எனக்கு அவர் கட்டிவிட்டது பன்றிப்பல் என்று பிறகு தெரிந்தது. அதனால், காம்பார் பக்கம் ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டப் போனவர் ஒரு நாள் ஆளைவிட நீளமான கறுத்த கழியொன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, “அக்கா, ஆதிகாலத்து ஈட்டிக்கா! சேத்துக்கு அடியில கெடந்துச்சு” என்றபோது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெறகுக்கு ஆவுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பாதான் முனையைத் தடவிப் பார்த்தார். யாரோ வேலை மெனக்கெட்டுச் சீவிய முனை. கடைக்குப் போய் அரும்பொருளகத்துக்குத் தொலைபேசினார். சனிக்கிழமை வருகிறோம், அதுவரை காயவிடாதீர்கள், காய்ந்தால் வெடித்துவிடும் என்றார்களாம்.

அவ்வளவு நீளத் தொட்டிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடையை மாமா இரண்டு பக்கமும் மண்மூட்டையால் அடைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஈட்டியை அதில் கிடத்தினார். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் தண்ணீர் தேங்கியது. அந்த அக்கா சண்டைக்கு வந்தார். மாமாவோ போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, “நான் எடுத்ததுலா!” என்று காட்டினார். எனக்குப் பள்ளியில் இருப்புக்கொள்ளவில்லை. மணி அடித்ததும் ஓடிவந்து, ஈட்டி இருக்கிறதா என்று தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை மாலை மழை கொட்டியது. மூட்டைகள் சரிந்தன. என் கண்ணெதிரே ஈட்டியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நான் போட்ட கூச்சலில் மாமா சட்டையில்லாமல் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

“நீ வராத பாப்பா! வழுக்கும்!”

சாலையின் கீழே, பாலத்துக் குழாயில் அது சிக்கி நின்றது. மாமா இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். “இழு மாமா!” என்று கத்தினேன்.

“இழுத்தா ஒடஞ்சிரும்” என்றவர், இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

மறுநாள் வந்த மலாய்க்கார அதிகாரி குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இது இரும்பால் சீவியதில்லை, கல்லால் சீவியது. வேட்டைக்காரனுடையது, மிகப் பழையது, எவ்வளவு பழையது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றார். தெருவே கூடியிருந்தது. ஈரத்துணியில் ஈட்டியைச் சுற்றிக்கொண்டே, யார் கண்டெடுத்தது என்று கேட்டார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து, “மச்சான்தான் எடுத்தாரு” என்று மலாயில் சொன்னார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா அவர் கையை அழுத்தினாள். அப்பா தம் பெயரைச் சொன்னார்.

இதிலுமா பொய் என்று எனக்கு ஆத்திரம். மாமா ஐஸ் வாங்கித் தந்தும் முகங்கொடுத்துப் பேசவில்லை. இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான் மாமாவிடம் இருந்தது என்பதும், அதை வைத்திருப்பவர் வேலை பெர்மிட் இல்லாமல் சுரங்கத்தில் மண் வெட்டியது தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.