மாசமானவங்க செக்‌ஷன்

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் முதல் மாடி முழுக்கப் பெண்களுக்கான துணி. படியேறியதும் பட்டு, அதைத் தாண்டினால் சுடிதார், அப்புறம் நைட்டி. கடைசி மூலையில், ஜன்னல் ஓரமாக, கர்ப்பிணிகளுக்கான கவுனும் நைட்டியும். பலகையில் அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தார்கள். நாங்கள் யாரும் அதை வாசித்ததுகூட இல்லை. எங்களுக்கு அது மாசமானவங்க செக்‌ஷன்.

என்னை அங்கே போட்டது என் திறமையைப் பார்த்து அல்ல, என் வயிற்றைப் பார்த்து. அதுவரை பட்டுச்சேலை பக்கம் நின்றேன். வருகிறவர்களுக்குச் சேலையை என் மேல் போட்டு முந்தியை விரித்துக் காட்டுவது வேலை. ஐந்தாம் மாதத்தில் வயிறு தெரிய ஆரம்பித்ததும் யாரும் முந்தியைப் பார்க்கவில்லை. எத்தனாவது மாசம், என்ன ஆசையாக இருக்கிறது, குமட்டல் நின்றுவிட்டதா என்று என்னையே விசாரித்துவிட்டுப் படி இறங்கினார்கள். மாடிக்குப் பொறுப்பான அண்ணாச்சி இதைக் கொஞ்ச நாள் பார்த்தார். அந்த மூலையில் போய் நின்றால் எனக்கும் சௌகரியம், கடைக்கும் நல்லது என்று அனுப்பிவைத்தார். கடைக்கு என்ன நல்லது என்பது எனக்குப் புரிந்தது. என் சௌகரியம் எதுவென்று இன்று வரை புரியவில்லை. விற்கிற பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்து, எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்திருந்தது. அதன் மேல் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

கடைச் சீருடை அரக்கு நிறத்தில் ஒரு பாலியெஸ்டர் சேலை. வெயில் காலத்தில் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுக்க வேண்டும். உள்பாவாடை நாடாவை வயிற்றுக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டும், கீழே கட்டினால் நடக்க நடக்க அவிழும். நாள் முழுக்க அடுத்தவர் வயிற்றுக்கு இதமான துணியாகத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, என் வயிற்றில் நாடா அறுத்த தடத்தோடு ரெட்டியபட்டி பஸ்ஸில் ஏறுவேன். இதைச் சொல்லி வீட்டுக்காரரிடம் சிரித்திருக்கிறேன். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சிரிக்காமல், வேலையை விட்டுவிடு என்பார். விட்டால் வீடு எப்படி ஓடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தோடு பேச்சு முடியும்.

ஆனால் அந்த மூலை எனக்குப் பிடித்துப்போனது. அதை மறைக்க மாட்டேன். மாசமாக இருக்கிற பெண் தனியாகத் துணி எடுக்க வருவதே கிடையாது. மாமியாரோ அம்மாவோ கூட வருவார்கள். இருப்பதிலேயே பெரிய நைட்டியை எடுத்து, "இது பிள்ள பெத்தப் பெறகும் கெடக்கும்" என்பார்கள். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கூடாரத்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் தன்னைப் பார்த்து அதற்கே அழுகை வரும். அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறப்பேன்.

மார்புக்குக் கீழே தையல் பிடித்து, அங்கிருந்து சுருக்கு விழுகிற கவுனாக எடுப்பேன். வயிறு அழகாகத் தெரியும், மற்ற இடம் ஊதித் தெரியாது. அடர்ந்த நிறம், சின்னப் பூ. பெரிய பூ போட்டால் பூதான் தெரியும், ஆள் தெரியாது. கை நுழைகிற இடத்தில் கொஞ்சம் தாராளம் வேண்டும், கடைசி மாதங்களில் கையும் வீங்கும். நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் பஸ் படியில் தடுக்கும். பால் கொடுக்க முன்னால் ஜிப் வேண்டும், அந்த ஜிப்பின் பின்பக்கம் உள்துணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கடிக்கும். மாமியாருக்கு, இதையும் பிறகு போடலாம் என்று ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணுக்கு, இதில் நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு பார்வை. அவ்வளவுதான் வியாபாரம்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. என் வயிறும் வளர வளர, எனக்குக் கைராசி என்று பேச்சுக் கிளம்பியது. மாசமாக இருக்கிறவள் கையால் எடுத்துக் கொடுத்த துணியைப் போட்டால் சுகப்பிரசவம் என்று யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. திருச்சுழியிலிருந்தும் பாளையம்பட்டியிலிருந்தும் வந்து, "அந்த மாசமா இருக்க பிள்ள எங்க?" என்று கேட்டார்கள். பக்கத்து நைட்டிப் பக்கம் நின்ற அக்கா எடுத்து நீட்டினால்கூட வாங்காமல், "அவுக கையால குடுக்கச் சொல்லுங்க" என்றார்கள். அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் தள்ளிவிடுவாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. பஞ்சு எடுக்கப் போய், கருவேலம் வெட்டப் போய், பிறகு இந்தக் கடைக்கு வந்து, என் கைக்கு இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி நரிக்குடிக்காரி. அங்கே இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சான்றிதழ் எடுத்துக் கொடுக்கிற வேலை. எனக்கும் அவளுக்கும் ஒரே மாதம். சேலை கட்டி உட்கார்ந்தால் கொசுவம் வயிற்றை அழுத்துகிறது, நைட்டியோடு வேலைக்குப் போக முடியாது, சுடிதார் போட்டால் மாமியார் முகத்தைத் தூக்குகிறார் என்று ஒரே மூச்சில் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே வருகிற குர்த்தியும், வயிற்றைத் தாங்குகிற அகல எலாஸ்டிக் வைத்த பேண்டும் எடுத்துக் கொடுத்தேன். மாமியாரிடம், சேலையைவிட இதில்தான் உடம்பு மூடியிருக்கிறது என்று நானே பேசினேன். போட்டுப் பார்க்கிற அறையிலிருந்து அவள் வெளியே வந்து, "மனுசியா தெரியுறேன்க்கா" என்றாள். அதன்பிறகு டவுனுக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் ஒன்றும் வாங்காவிட்டாலும் மாடியேறி வந்து என் வயிற்றையும் தன் வயிற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் பிள்ளை அசையவில்லை. காலையில் கவனிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு உதைப்பது வழக்கம், உதைக்கவில்லை. சாயங்காலம் வரை நின்று துணி விற்றேன். ஸ்கேன் எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. பெண் பிள்ளை என்று சொன்னார்கள். ஏன் என்பதற்கு டாக்டர் சொன்ன காரணம் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை, இன்றும் ஏறவில்லை.

எங்கள் பக்கம் பிறக்கப்போகிற பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கி வைக்க மாட்டார்கள். துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய வேட்டியைத்தான் பத்திரப்படுத்துவார்கள், பிள்ளையை முதலில் அதில்தான் ஏந்துவது. அம்மா அப்படி ஒன்றை மடித்து வைத்திருந்தாள். எனக்குப் பால் கட்டிக்கொண்டபோது வேறு துணி தேட அவளுக்குப் பொறுமையில்லை. அதையே நீளமாகக் கிழித்து, உள்ளே மல்லிகைப்பூவை வைத்து, என் மார்போடு இறுக்கிக் கட்டினாள். பூ வைத்தால் பால் வற்றும் என்பார்கள். பூ வாடியது. பால் வற்ற நாளானது.

பிள்ளை பெற்றவளுக்குக் கடையில் லீவு உண்டு. பிள்ளை இல்லாதவளுக்கு எதற்கு லீவு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எப்ப வாரே என்று போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனேன். என்னைத் திரும்பவும் பட்டுப் பக்கம் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி என்னைப் படிக்கட்டு ஓரம் கூப்பிட்டு, தன் வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததுபோல் வருத்தப்பட்டார். பொய் வருத்தம் இல்லை, கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னார்:

"நீ அங்கனயே நில்லு தாயி. ஒன்னயத்தான் கேட்டு வாராக. ஆனா நடந்தத ஆருகிட்டயும் சொல்லிராத. கேட்டா, நல்லாருக்குன்னு சொல்லு."

எனக்குப் புரிந்தது. என் பிள்ளை செத்தது தெரிந்தால் அந்த அலமாரியில் நான் தொட்ட ஒரு துணியையும் எவளும் வாங்க மாட்டாள். வேறு பக்கம் மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று நாலு பேர் முன்னால் பேச வேண்டும். பேசத் தெம்பில்லாமல் தலையாட்டினேன். சீருடை ரவிக்கையின் உள்ளே துணியை மடித்து வைத்துக்கொண்டு போய் அந்த மூலையில் நின்றேன்.

முதல் நாளே ஒருத்தி கேட்டாள், என்ன பிள்ளை என்று. பொம்பளப் பிள்ளை என்றேன். அது உண்மைதான். அதனால்தான் அடுத்ததும் எளிதாக வந்தது. நல்லா இருக்கா, எங்க அம்மா பாத்துக்கிறாக. பக்கத்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்த நைட்டியையே மறுபடி மடித்தாள். போகப்போக அவளும் சேர்ந்துகொண்டாள். நான் தடுமாறுகிற இடத்தில், "இவ பிள்ள இப்பத்தான் குப்புற விழுகுது" என்று எடுத்துக் கொடுப்பாள்.

அப்படியாக அந்த மூலையில் என் பிள்ளை வளர்ந்தாள். தவழ்ந்தாள். பல் முளைத்தது. பால்சோறு பிடிக்கவில்லை, பருப்புச்சோறுதான் இறங்குகிறது. சொல்லச் சொல்ல எனக்கு வெறுப்பாகவும் இருந்தது, யாரும் கேட்காத நாளில் ஏமாற்றமாகவும் இருந்தது. வீட்டில் அவளைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. வீட்டுக்காரர் முன்னால் நானும் எடுக்க மாட்டேன், என் முன்னால் அவரும் எடுக்க மாட்டார். உலகத்தில் என் மகளைப் பற்றி நான் வாய் திறந்து பேச முடிந்த ஒரே இடம் அந்த அலமாரி முன்னால்தான். அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த பொய் எப்போது என்னுடையதானது என்று எனக்கே தெரியாது.

நரிக்குடிக்காரிக்கும் பெண் பிள்ளைதான் பிறந்தது. அவளிடமும் பொய்தான் சொன்னேன், குறைமாசத்தில் பிறந்தாள், தேறிவிட்டாள் என்று. அவளிடம்தான் அதிகம் சொன்னேன். தன் மகளை விட்டுவிட்டு என் மகள் சரியாகச் சாப்பிடாததைப் பற்றிக் கவலைப்படுவாள், கேழ்வரகை முளைகட்டிக் கொடுங்கக்கா என்பாள். நம்முடையது ரெண்டும் ஒருநாள் சேர்ந்து விளையாட வேண்டும் என்பாள். சரி என்பேன்.

இரண்டு வருஷம் கழிந்து அவள் மறுபடி மாசமாகி வந்தாள். இந்தத் தடவை தனியாக, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. கடை கூட்டமில்லாத மத்தியானம். உடம்பு முன்னைவிடப் பெருத்திருந்தது, அதற்கு வெட்கப்பட்டாள். வெட்கப்பட ஒன்றுமில்லை என்று கருநீலத்தில் ஒரு காட்டன் கவுன் எடுத்து விரித்தேன். அவள் தோளில் வைத்துப் பார்த்து, சுருக்கை நீவிவிட்டுக் காட்டினேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. அந்தச் சின்னது என் முந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. அவள் விளையாட்டாக, "அத்தகிட்ட பாப்பா பேரு என்னன்னு கேளு" என்றாள்.

"பாப்பா பேரு என்ன?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. வயசு கேட்டார்கள், எடை கேட்டார்கள், யார் ஜாடை என்று கேட்டார்கள். பேர் ஒன்றை நான் யோசிக்காமல் இல்லை. எந்தப் பேரை வைத்தாலும் அது வேறு யாருடைய பிள்ளையாகவோ ஆகிவிட்டது. அதனால் விட்டுவிட்டேன். பக்கத்து அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இன்னும் வைக்கல."

நரிக்குடிக்காரி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றவில்லை. அலுத்துப்போயிருந்தேன்.

"பிள்ள இருக்காள்ல அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். எப்போது என்று கேட்டதற்கு, அந்த ஏழாம் மாசத்திலேயே என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அந்த மாடியில் முதல் தடவையாக. அந்த அழுகையில் எனக்கு அவ்வளவு நிம்மதி இருந்தது. கடைசியில் ஒருத்திக்காவது தெரிந்துவிட்டது, இனி இவளிடமாவது உள்ளதைப் பேசலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் கை என் கையிலிருந்து மெல்ல நழுவித் தன் வயிற்றின் மேல் போனது. மகளை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். மேஜையில் கிடந்த கவுனைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீகக்கா" என்றாள். "அந்த அக்காவ எடுத்துத் தரச் சொல்றீகளா? இதே கலருதான். வேற ஒண்ணு."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் மாசமாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். விரித்துப் போட்டிருந்த கவுனை மடித்து ஓரமாக வைத்தேன். பக்கத்து அக்கா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும்.

"கருநீலத்துல டபுள் எக்ஸெல், ரெண்டாவது தட்டுல அடியில இருக்குக்கா. காலைல வந்த பார்சலு. கவர்கூடப் பிரிக்கல, நான் தொடல."