அச்சுக்குப் போகும் முன் ஆரணிக்கு ஒரு நடை

பட்டு நெய்யும் பெண்களின் கால்வலி பற்றி ஒரு பேராசிரியை ஆய்வு செய்கிறார். பத்தாவதோடு நின்ற என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். வீடு வீடாகக் கேட்டு எழுதியதும், செல்போனில் படம் எடுத்ததும் நான்தான். புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பெண்களிடம் சம்மதக் கையெழுத்துதான் வாங்கியாயிற்றே என்றார் அவர். சொன்னவர்களுக்கே காட்டாமல் அச்சடிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினேன்.

செய்யாறில் 9.10 பஸ், டிக்கெட் 28 ரூபாய். ஆரணியில் இறங்கும்போது 10.15. அங்கிருந்து ஷேர் ஆட்டோ 20.

சர்வேவா என்று கேட்டார் ஆட்டோக்காரர். "போன வருசம் ஒர்த்தர் வந்து எழுதினு போனாருங்க. இன்னா எழுதினாருன்னு அவருக்கும் சாமிக்கும்தான் தெரியும்."

கால்வலி பற்றி என்னிடம் சொன்னவர்களில் ஒருத்தியான செல்வி தறியில் இருந்தாள். அவள் சொன்னதைப் படித்துக் காட்டினேன். வலி சாயங்காலம் இல்லை, காலையில் எழும்போதுதான் என்று திருத்தினாள். பிறகு புத்தகத்தில் போடவிருந்த அவள் படத்தைக் காட்டினேன். அடையாளம் தெரியக்கூடாதென்று முகத்தை மங்கலாக்கியிருந்தோம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மிதித்த கால் நின்றுவிட்டது. "மூஞ்சிய மறைச்சீங்க, சரி. பொடவைய உட்டுட்டீங்களேக்கா. இந்த ஊர்ல மூஞ்சிய எவன் பாக்கறான், பார்டரத்தான் பாப்பாங்க."

படத்தில் தறியில் இருந்த புடவை, தீபாவளிக்கென்று முதலாளி கொடுத்த புது டிசைன். இன்னும் கடைக்கே வரவில்லை. வெளியே தெரிந்தால் யாராவது பார்த்து நெய்துவிடுவார்கள். எந்தத் தறியிலிருந்து போனது என்று முதலாளிக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அடுத்த புடவை நெய்யப் பாவு நூல் கொடுக்கமாட்டார். அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

அங்கேயே பேராசிரியைக்குப் போன் போட்டேன். "நல்லவேளை, நேர்ல போனீங்க," என்றார். அவரிடமும் அச்சகத்திலும் இருந்த படத்தை அழித்தாகிவிட்டது என்று சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை. என் செல்போனில் இருந்ததைச் செல்வி கையாலேயே அழிக்கவைத்தேன். அப்புறம்தான் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கால்வலின்னு எழுதிட்டு கால் எங்கக்கா? வலிக்கிற எடத்த உட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்துகினு போயிட்டீங்க."

உண்மைதான். குழித்தறியில் கால் தரைக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும். நான் குனிந்தே பார்க்கவில்லை. இதுவும் தெருவுக்கே தெரியும் என்று கொலுசைக் கழற்றி வைத்தாள். குழிக்குள் செல்போனை இறக்கிக் காலைப் படம் எடுத்தேன். அவள் பார்த்துச் சரி என்ற பிறகே பேராசிரியைக்கு அனுப்பினேன்.

திரும்பும் வழியில் கோயிலில் நெய் விளக்கு, 10 ரூபாய். போக வர எல்லாம் சேர்த்து 106.

இப்படி எழுதப் போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், தறியில் ஆள் இருப்பார்கள். கையெழுத்து வாங்கியதோடு விடாதீர்கள். முடித்ததை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போங்கள். எதை மறைக்கவேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

புத்தகத்தில் இப்போது இரண்டு கால்கள் இருக்கின்றன. யாருடையவை என்று செல்விக்கும் எனக்கும் சாமிக்கும்தான் தெரியும்.