சின்ன காருக்குப் பெரிய மூச்சு

சின்ன கார் ஓட்டுகிறவன் லாரிக்குப் பயந்தால் போதும். அந்தக் காருக்குத் திறந்த ஏர் ஃபில்டர் மாட்டித் தருகிற மெக்கானிக் ஊருக்கே பயப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பானெட்டுக்குள் தலையை விட்டுத் திட்டு வாங்கிய சக பாவிகளே, நான் பயப்படவில்லை.

முதலாளி போட்ட சட்டம்

இரண்டாயிரங்களின் நடுவில் புதுவாயல் ஹைவே ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்ட காரோடு வரும் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரைக் குழாயோடு மாட்டுவது என் பித்து. காற்று தாராளமாகப் போனால் இழுவை கொஞ்சம் கூடும், சத்தம் நிறையக் கூடும்.

பக்கத்துக் கும்மிடிப்பூண்டி ஆலைகளின் இரும்புத் தூசிக்கு இது தாங்காது என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். வாராவாரம் கழுவினால் தாங்கும் என்று நான் இரண்டு காலிலும் நின்றேன். கடைசியில் சொன்னார்: "நீ மாட்ன வண்டி ஒண்ணு கயிறு கட்டி இஸ்துக்கினு வந்துச்சின்னு வையி, ஸ்பேனர் பொட்டிய தூக்கினு நீயும் கெளம்பிடு நைனா."

பாய் கேட்டது

முதலில் துணிந்தவர் பழவேற்காட்டு இறால் வியாபாரி, பாய். மாட்டிக் கொடுத்தேன். ஹைவேயில் ஒரு சுற்று போய்வந்து இறங்கினார். முகத்தில் சிரிப்பைக் காணோம். முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"வேகம் பத்தலையா பாய்?" என்றேன். "வேகத்த யாருப்பா கேட்டா? ஹாரன் அடிக்காமலே லாரிக்காரன் ஒதுங்கிக்கினு வழி வுட்றான், இன்னா சத்தம்பா!" என்றார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

அடுத்தவர் ஒரு ஸ்டீல் கம்பெனி சூப்பர்வைசர். அவர் காருக்கும் மாட்டியிருந்தேன். சர்வீஸுக்கு விட்ட காரை, எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை முடிந்ததும் மாலையில் எடுத்துப் போனார். மறுநாள் காலை அது லோடு ஆட்டோவுக்குப் பின்னால் கயிற்றில் வந்தது.

முதலாளி கயிற்றைப் பார்த்தார். என் ஸ்பேனர் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். நேற்றுத்தான் பொட்டு வைத்துக் கும்பிட்ட பெட்டி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பானெட்டைத் திறந்து பார்க்காமல் நகர மாட்டேன் என்றேன்.

திறந்தால் ஃபில்டரையே காணோம். அடி முதல் நுனி வரை கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். ராத்திரியில் காய்ந்து இறுகியிருந்தது. காற்று போக ஊசிமுனை இடமில்லை. எங்கள் ஷெட்டில் பூஜையன்று வண்டிகளுக்குச் சந்தனம் வைக்கிறவர் ஒருவர்தான். வேறு யாரையும் அந்தக் கிண்ணத்தைத் தொடவிட மாட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஹைவேயைப் பார்த்தார்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். கார் கிளம்பியது. "மொதலாளி, பொட்டிய இருந்த எடத்துலயே வையிங்க, கையால" என்றேன், எல்லார் முன்னாலும். குனிந்து தூக்கி வைத்தார். பிறகு என் காதருகே வந்து முணுமுணுத்தார்: "பார்க்க சிவலிங்கமாட்டமே இருந்துச்சிடா, கை சும்மா இருக்கல, சந்தனக் காப்பு சாத்திட்டேன்."

இரும்புத் தூசியைத் தாங்கும் ஃபில்டரை நான் மாட்டிக் காட்டிவிட்டேன்; பக்தியைத் தாங்கும் ஃபில்டரைத்தான் இன்னும் எவனும் செய்யவில்லை.