அடித்தால் உடையும், அமுக்கினால் வளையும்

தகடு வளைத்துப் பிழைத்த சக பாவிகளே, அலுமினியம் வளைத்தவன் தொழிலாளி, மக்னீசியம் வளைத்தவன் சாமியார். ஐம்பதுகளில் சாங்கி விமானத் தளத்துப் பட்டறையில், அவசரத்துக்கென்றே பிறந்த என்னைப் பிடித்து அந்தச் சாமியார் வேலையில் போட்டார்கள். மக்னீசியக் கலவைக்குக் கனமே கிடையாது. கோபம் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் அளவுக்கு இருக்கும்.

அப்பளம்

விமானத்துக்கு ஒரு மூடி செய்யச் சொன்னார்கள். அலுமினியம் போலத்தானே என்று சூடு காட்டாமல் மடக்கினேன். மடிப்பிலேயே 'டப்'பென்று பிளந்தது. அடுத்த தகடும் அப்படியே. இன்னொன்று கேட்டு ஸ்டோருக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி சின்னத்துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீர் தகடு கேக்கிறீரோ, பொரிச்ச அப்பளம் கேக்கிறீரோ?"

சூடு மட்டும் போதாது

புத்தி வந்து, சூட்டின் அளவு தெரியத் தகட்டில் சோப்பைத் தேய்த்து, சோப்பு பழுப்பாகும்வரை மெல்லிய தீயில் காட்டினேன். இனி எங்கே போவாய் என்று சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டேன். விளிம்பு கிழிந்து தொங்கியது. வெள்ளைக்கார சார்ஜண்ட் வந்து பார்த்தார். அடுத்தது சரியாக வந்தால் வேலை நிரந்தரம், உடைந்தால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து மேசை காதர் சிரித்தான்.

"பச்சையா மடக்குனா உடையுது, சூட்டுல அடிச்சா கிழியுது. கோளாறு தகட்டுல இல்ல மாப்ள, ஒன் வேகத்துல லா!"

ஐந்து மணி லாரி

அந்த 'அடுத்தது' வந்து வாய்த்த நாளில்தான் தேக்காவில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று பெண்ணின் அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேலையாட்களை நகரத்துக்கு ஏற்றிப்போகும் ஐந்து மணி லாரியை விட்டால் நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. வேகமாக அமுக்கினால் லாரி கிடைக்கும், வேலை போகும். வேலை போனால் பெண்ணும் இல்லை.

காதர் சூடு குறையாமல் தீ காட்ட, நான் வளைக்கும் எந்திரத்தின் நெம்புகோலில் மெல்ல மெல்லச் சாய்ந்தேன். வெளியே லாரி ஹாரன் அடித்தது. கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்தபடியே நின்றேன். லாரி போய்விட்டது. தகடு ஒரு கீறல் இல்லாமல் வளைந்திருந்தது. சார்ஜண்ட் மடிப்பை நகத்தால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ் மாறித் தேக்கா போய்ச் சேர்ந்தபோது கேசரி தீர்ந்திருந்தது. பெண்ணின் அப்பா கத்தினார். அவசரப்பட்டிருந்தால் தகடு உடைந்திருக்கும், வேலையும் போயிருக்கும், இப்போது வேலை நிரந்தரம் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, ஒரு தகட்டுக்கே இவ்வளவு பொறுமையா இருக்கறவரு, ஒங்க கோவத்தையும் தாங்குவாருப்பா. சரின்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சூடு அவள் பொறுப்பு, நிதானம் என் பொறுப்பு.